ஒரு ஹால், ஒன்றரை லட்சம், ஏழெட்டு சுட்டிகள்: எதில் செலவழிப்பது?

பெங்களூர் அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பொங்கலும் ஆடிக் கூழும் சேர்ந்து கொண்டாடுகிற அறுபது தமிழ்க் குடும்பங்களின் சங்கம் எங்களுடையது. ரசீதுப் புத்தகம் ஒன்று, எவர்சில்வர் அண்டா நான்கு, ஞாயிறு காலையில் பூட்டிக் கிடக்கும் மாடி ஹால் ஒன்று. சொத்து அவ்வளவுதான். போன பொங்கலுக்கு வசூல் தாராளமாக வந்து, செலவு போக ஒன்றரை லட்சம் கையில் நின்றது. ஸ்பீக்கர் செட் வாங்கிவிடலாம் என்று ஏறத்தாழ முடிவாகிவிட்ட நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். மகன் மூன்றாம் வகுப்பு. டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான், அதனால் பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் ‘அதிகப்பிரசங்கி’. ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்காமல் உட்கார்ந்து, “நம்பர் எல்லாம் எங்க முடியும்? முடியாதுன்னா அது எப்படி இருக்கும்?” என்று கேட்டு அழுகிறானாம்.

“வெளிய சொன்னா பீத்திக்கிறான்னு நினைக்கிறாங்க. கண்ணு பட்டுடும், சொல்லாதேன்னு மாமியார் சொல்றாங்க. சொல்லாம வெச்சிருந்து எனக்குத்தான் தலை வெடிக்குது” என்றார்.

ஸ்பீக்கர் பேச்சு அதோடு நின்றது. பணத்தையும் ஹாலையும் வைத்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் என்ன செய்யலாம் என்று ஆறேழு மாதம் விசாரித்தோம், சிலதைச் செய்தும் பார்த்தோம். உங்கள் லேஅவுட்டிலோ அபார்ட்மென்டிலோ இதே கேள்வி வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எத்தனை பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் ஒரு கணக்குப் போட்டோம். அறிவுத்திறன் தேர்வுகளில் சராசரி 100. 130க்கு மேல் வருகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர். எங்கள் சங்கத்தில் எண்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் ஒன்றோ இரண்டோ. பக்கத்து இரண்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்தால் ஏழெட்டு. ‘மீத்திறன் குழந்தை’ என்று ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் வரும். நம் பாட்டிமார் ‘சூட்டிகை’ என்பார்கள். முதல் ரேங்க்தான் அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசஃப் ரென்சுல்லி 1978இல் மூன்று விஷயம் சொன்னார்: சராசரிக்கு மேற்பட்ட திறமை, புதிதாக யோசிக்கிற குணம், பிடித்த வேலையை விடாமல் பிடித்துக்கொள்கிற பிடிவாதம். மூன்றாவது ஒன்றுதான் வீட்டில் அம்மா அப்பாவைத் தூங்கவிடாமல் அடிப்பது.

எல்லாருக்கும் முதலில் தோன்றியது கோச்சிங். ஒலிம்பியாடுக்கு ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒரு நிறுவனத்தில் கேட்டோம். பிள்ளைக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் என்றார்கள். ஒன்றரை லட்சத்தில் நான்கு பிள்ளைகள், கதை முடிந்தது. பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஃபாரம் கொடுத்து, காசு வாங்கி, ஏறக்குறைய எல்லாருக்கும் ஏதோ ஒரு மெடல் தருகிற தனியார் ‘ஒலிம்பியாட்’ வேறு. உலகக் கணித ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைப் பொறுக்குகிற வழி வேறு. பெற்றோர்களில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. பின்னது, எட்டாம் வகுப்பிலிருந்து எழுதுகிற ஐஓக்யூஎம் என்ற தகுதித் தேர்வில் தொடங்குகிறது. மூன்று மணி நேரம், 30 கேள்வி, விடைக்கு ஆப்ஷன் கிடையாது, விடை ஒவ்வொன்றும் ஓர் எண். அங்கிருந்து வட்டாரம், தேசியம், பயிற்சி முகாம் என்று சல்லடை சல்லடையாகச் சலித்துக் கடைசியில் ஆறு பேர். அந்த ஆறு பேர் அணி 2024இல் உலகத்தில் நான்காவதாக வந்தது, நான்கு தங்கத்தோடு. பெருமைதான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு அந்தத் தேர்வு இன்னும் ஐந்து வருஷம் தள்ளி இருக்கிறது. அதுவரை அவன் ராத்திரி பதினொரு மணிக் கேள்விக்கு ஒர்க்‌ஷீட்டில் பதில் இருக்காது. ஒன்பதாவதில் ஒரு பெண்ணோ பையனோ தானாக ஆசைப்பட்டுக் கேட்டால், தேர்வுக் கட்டணத்தையும் பழைய வினாத்தாள்களையும் சங்கம் கொடுக்கலாம். கூட்டாகக் கோச்சிங் நடத்துவது எங்கள் வேலையில்லை என்று விட்டுவிட்டோம்.

அடுத்து, டெஸ்ட். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐக்யூ பார்த்து, தேறியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் குழப்பமே இருக்காதே என்றார் எங்கள் செயலாளர். பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், தகுதிப் பட்டியல் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. நம் நாட்டுக்கு ஏற்றபடி அமைத்த பினே-காமத் தேர்வும் மாலின் தேர்வும் இருக்கின்றன, பயிற்சி பெற்ற உளவியலாளர் உட்கார்ந்து செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் 1921இல் இதைத்தான் பெரிய அளவில் செய்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்து, மேல்தட்டுப் புள்ளி வாங்கியவர்களைப் பொறுக்கி, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அந்தச் சோதனையில் புள்ளி போதாமல் கழித்துக்கட்டப்பட்டவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வாரெஸ். 1956இல் ஒருவரும் 1968இல் ஒருவரும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். பொறுக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. இதைச் சொன்னதும் செயலாளர் பட்டியலை மடித்து வைத்தார்.

டெஸ்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் குழந்தை, ஆறாம் வகுப்பு, வாயால் கேட்டால் பத்தாம் வகுப்புக் கேள்விக்கும் பதில் சொல்லுவாள், எழுதச் சொன்னால் நாலு வரியில் பத்துப் பிழை. ‘சோம்பேறி, மனசு வெச்சா வரும்’ என்றே வளர்ந்திருக்கிறாள். டிஸ்லெக்சியா என்கிற படிப்பு-எழுத்துச் சிக்கலும் கூர்மையும் ஒரே பிள்ளையில் சேர்ந்து வரும்போது ஒன்று மற்றதை மூடிவிடும். பார்க்கிறவர்களுக்குச் சுமாரான பிள்ளையாகத் தெரியும். அங்கே முழுப் பரிசோதனை அவசியம், அதற்குப் பணம் கொடுப்பது நியாயம். வாசலில் நிறுத்தி வடிகட்டுவதற்கு வேண்டாம்.

டபுள் பிரமோஷன் வாங்கிக்கொடுத்தால் என்ன என்று ஒரு தாத்தா கேட்டார், அவர் காலத்தில் அது சகஜம். ஒரு வகுப்பைத் தாண்டவைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயம் பெரும்பாலும் ஆதாரமில்லாதது என்று, ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கிய நீண்ட கால ஆய்வு உட்படப் பலவும் காட்டுகின்றன. ஆனால் அது பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே தீர வேண்டிய விஷயம். சங்கத்துக்கு அதில் இடமில்லை.

பார்க்க அழைத்துப்போவது மலிவான வழி. பெங்களூரில் இதற்குக் குறைச்சலே இல்லை. கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியம், ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தின் வார இறுதி வகுப்புகள், கோளரங்கத்தோடு சேர்ந்து ஐசிடிஎஸ் என்ற கோட்பாட்டு அறிவியல் ஆய்வு மையம் நடத்துகிற ‘காபி வித் கியூரியாசிட்டி’ பேச்சுகள், வருஷத்தில் ஒரு நாள் கதவைத் திறந்துவிடுகிற இந்திய அறிவியல் கழகம், கப்பன் பார்க் குழந்தைகள் நூலகம், அண்ணாசாமி முதலியார் ரோடில் நம் தமிழ்ச் சங்கத்து நூலகம். எல்லாம் இருக்கிறது, ஆனால் யாரால் போக முடிகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் தெரு முனையில் பூ விற்கிற அக்காவின் மகன் ஏழாம் வகுப்பு. முழம் முப்பது ரூபாய் என்றால் ஏழரை முழத்துக்கு அவள் யோசிப்பதற்குள் 225 என்பான். அவனைக் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்குப் போனால் அக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் போச்சு. 2023 ஜூனிலிருந்து சாதாரண பிஎம்டிசி பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, எங்களில் இரண்டு பேர் சேர்ந்து பிள்ளைகளை அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுகிறோம். மியூசியத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்தைப் போலவே அதே அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் அவன் முக்கால் மணி நேரம் நின்றான். மற்றவர்கள் ஐஸ்கிரீம் வரைக்கும் போய்விட்டார்கள். இது நல்லதுதான், ஆனால் வருஷத்துக்கு நான்கு நாள். மீதி முந்நூற்று அறுபது நாள் அப்படியே இருக்கிறது.

இந்தப் பையனுக்காகத்தான் இன்னொரு வேலையும் கண்ணில் பட்டது. யாரும் முதலில் யோசிக்காதது, செலவே இல்லாதது: விண்ணப்பம் நிரப்பிக்கொடுப்பது. மத்திய அரசின் என்எம்எம்எஸ் உதவித்தொகைக்கு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுதலாம். வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு வருஷத்துக்கு 48,000. வருமானச் சான்றிதழ், ஆதாரில் எழுத்துப் பிழை, பேங்க் பாஸ்புக், இப்படி ஏதோ ஒன்றில் சிக்கித்தான் இந்தப் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். எங்கள் செயலாளரின் பட்டியல் மோகத்துக்கு இதில் நல்ல தீனி கிடைத்தது. செலவாகிற நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் இதைவிடப் பலன் தருகிற வேலை வேறு இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

இனி, நாங்கள் தேர்ந்தெடுத்தது. ஞாயிறு வட்டம். வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், வயது கலந்து, பாடத்திட்டம் இல்லாமல், ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. 1930களில் லெனின்கிராடில் கணித வட்டங்களாகத் தொடங்கிப் பரவிய பழக்கம் இது. நம் 2020 தேசியக் கல்விக் கொள்கையே கணித வட்டம், அறிவியல் வட்டம், செஸ் வட்டம் என்று பெயர் சொல்லி இதைப் பரிந்துரைக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக சென்னை சோவியத் கலாசார மையத்து டால் செஸ் கிளப்பில் ஆடித்தான் வளர்ந்தார். தன்னைவிட நன்றாக ஆடுகிற ஆள் எதிரே உட்கார அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

ஆரம்பத்தில் சொதப்பினோம். முதல் ஞாயிறு 27 பேர், இலவச டியூஷன் என்று நினைத்து வந்தவர்கள். நாங்களும் பயந்துபோய் ஒர்க்‌ஷீட் அடித்துக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் போர்டில் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தோம். இரண்டாவதாக வந்த சிறுமி அடுத்த இரண்டு வாரம் வரவே இல்லை. ஒரு மார்க் குறைந்தால் சோறு சாப்பிடாத ரகம் என்று அவள் அப்பா பிறகு சொன்னார். நாலாவது வாரம் எண்ணிக்கை 11. அன்றைக்கு அழைத்திருந்த ஆசிரியரும் வரவில்லை.

கை பிசைந்துகொண்டு நின்றபோது, பேத்தியைக் கொண்டுவந்து விட வந்த திருவண்ணாமலைப் பக்கத்து ஆயா ஒருவர், “சும்மா உக்காந்திருக்கிறதுக்குக் கோலமாவது போடலாமே” என்றார். சாக்பீஸ் வாங்கி, சிமென்ட் தரையில் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வைத்தார். சிக்குக் கோலம். இழை சாய்வாகப் போய், ஓரத்துப் புள்ளியைச் சுற்றித் திரும்பி, மறுபடி சாய்வாக. கையை எடுக்காமல் எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே முடித்தார். ஒரே இழை. பேத்தி நாலுக்கு நாலு போட்டாள். இழை பாதியிலேயே மூடிக்கொண்டது, மீதிப் புள்ளிகள் வெளியே நின்றன. இன்னொரு இழை, இன்னொன்று. மொத்தம் நான்கு.

“ஏன் ஆயா, எனக்கு மட்டும் துண்டு துண்டா வருது?”

“எனக்கு இன்னா தெரியும் கண்ணு. சிலது ஒத்தையா வரும், சிலது வராது. எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்.”

அவ்வளவுதான் பாடம். ஒன்றரை மணி நேரம் தரையில் இடமில்லை. மூணுக்கு அஞ்சு, ஒன்று. நாலுக்கு ஆறு, இரண்டு. ஆறுக்கு ஒன்பது போட்டு முடிக்கத் தொடை வலி கண்டது, மூன்று. ‘அதிகப்பிரசங்கி’ பையன் ஒரு கோலமும் போடவில்லை. மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் கத்துகிற எண்களைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான். கடைசியில் எழுந்து, “ரெண்டு நம்பரையும் எது வகுக்குமோ அதுல பெருசுதான் இழை” என்றான். எச்சிஎஃப் என்ற வார்த்தை அவனுக்கு இன்னும் பள்ளியில் வரவில்லை. பூக்கார அக்காவின் மகனுக்கு வந்திருந்தது. “டேய், அதுக்குப் பேரு இருக்குடா” என்று அவன் சொன்னபோது சின்னவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன்னைப் போல இன்னொருத்தன் இருக்கிறான் என்று முதல்முறை தெரிந்துகொண்ட முகம்.

அடுத்த வாரம் எங்கள் வாட்ச்மேன் அண்ணாவின் மகள் வந்தாள், ராய்ச்சூர்க்காரர்கள். அவள் அம்மா போடுகிற சுக்கி ரங்கோலியை, அதாவது கன்னடத்துப் புள்ளிக் கோலத்தைக் கொண்டுவந்தாள். வட்டத்தில் இப்போது பாதிப் பேச்சு கன்னடம். சங்கத்துப் பெரியவர்கள் சிலருக்கு இதில் முணுமுணுப்பு உண்டு, மறைப்பானேன்.

வட்டத்தின் குறை என்னவென்றால், நடத்துகிற ஆளைப் பொறுத்தே எல்லாம். பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆசிரியர் கிடைப்பது கோச்சிங் ஆசிரியர் கிடைப்பதைவிடக் கஷ்டம். செலவு அதிகமில்லை. 40 ஞாயிறுக்கு சுண்டல், டீ, பேப்பர், சாக்பீஸ் எல்லாம் வாரம் 700 என்று 28,000. மாதம் இரண்டு தடவைக்குள் வெளியாட்களை அழைக்க, 20 முறைக்கு 1,500 வீதம் 30,000. புத்தகம், சாமான்கள் 20,000. நான்கு வெளிப்பயணம் 24,000. ஆக 1,02,000. மிச்சம் 48,000ஐ அந்தப் பெண் குழந்தையின் பரிசோதனை போன்றவற்றுக்கு ஒதுக்கிவைத்தோம்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று இணைத்துவிடுவது இன்னொரு வழி. ஆற்றல் அதிகம், ஆபத்தும் உண்டு. கும்பகோணத்தில் ராமானுஜன் வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். பதினோரு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கறந்துவிட்ட பிள்ளைக்கு, மேல்வகுப்புத் திரிகோணமிதிப் புத்தகம் இரவலாகக் கைக்கு வந்தது. வாடகைக்கு இருந்த பையன்கள்தான் அவனுக்கு வாத்தியார்கள். அப்படி ஒரு ஆள் இன்று நமக்கும் மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி ஆராய்ச்சி மாணவராக இருக்கிறார், சாம்பார் சாதத்துக்கு ஏங்கிக்கொண்டு. இரண்டு பேரைப் பிடித்தோம். ஆனால் தீஸிஸ் கொடுக்கிற நேரம் வந்தால் ஆளைக் காணோம், பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர். இன்னொன்றில் தயவுதாட்சண்யமே கிடையாது: சந்திப்பு ஹாலில்தான், கதவு திறந்தே இருக்கும், பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருப்பார், தனியாக வீட்டுக்கு அழைப்பதோ பிள்ளையோடு தனியாக போனில் பேசுவதோ இல்லை. நல்லவர் என்று தெரிந்தவரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும். நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. பெரிய பிள்ளைகள் மூன்று பேருக்கு மட்டும், இரண்டாவது வருஷத்தில் இதைத் தொடங்குகிறோம்.

எதிர்பாராமல் கிடைத்தது பக்கத்து அறை. பிள்ளைகளை விட வந்த பெற்றோர் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மழை வந்ததால் ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டோம். தலைப்பு, தலைவர் எதுவும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயது மாதிரி யோசித்து ஐந்து வயது மாதிரி அடம்பிடிப்பது தன் வீட்டில் மட்டும் நடப்பதில்லை என்று தெரிந்துகொள்ளவே சிலருக்கு இரண்டு வாரம் ஆனது. சாவைப் பற்றிக் கேட்கிறான், என்ன சொல்ல. லேபிள் குத்துகிறது என்று சட்டையைக் கழற்றி எறிகிறாள். அக்கா சுமாராகப் படிக்கிறவள், தம்பியைப் பற்றியே வீட்டில் பேசினால் அவள் என்ன ஆவாள். இதையெல்லாம் வெளியே சொன்னால் பீற்றல், இங்கே சொன்னால் “எங்க வீட்லயும்தான்” என்று இன்னொருவர் ஆரம்பிப்பார். ஒரே ஒரு விதி: மார்க், ரேங்க் பேச்சு எடுத்தால் அன்றைய டீ அவர் செலவு. பொருளாளர் இதுவரை மூன்று முறை கொடுத்திருக்கிறார்.

ஹால் மட்டும் இருந்து காசில்லாதவர்கள் இந்த அறையையும் சாக்பீஸையும் வைத்தே தொடங்கலாம். காசு இருந்து இடமில்லையென்றால் வெளிப்பயணமும் விண்ணப்ப உதவியும். மொத்தத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் என்றால் வட்டத்துக்கு ஆள் சேராது, நம்பகமான ஒரு பெரியவரைத் தேடுங்கள். மார்ச்சில் மட்டும் எதையும் தொடங்காதீர்கள், பரீட்சை ஜுரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். தசரா லீவு முடிந்த ஞாயிறு எங்களுக்கு ராசியாக இருந்தது.

கோலக் கேள்வி இன்னும் முடியவில்லை. இழைகளின் எண்ணிக்கை ஏன் எச்சிஎஃப்பாக வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சி மாணவருக்குத் தெரியும், சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வரும் ஞாயிறு எட்டுக்குப் பன்னிரண்டு போட வேண்டும் என்று சாக்பீஸ் இரண்டு பெட்டிக்கு மனு வந்திருக்கிறது. நான்கு இழைதான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். போட்டுத்தான் பார்க்கணுமாம்.